கடை நம்முடையது, கணக்கு யாருடையது?

(மாணவர் அணி சார்பில் நடைபெற்ற கல்வி வழிகாட்டி முகாமில், இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

என்னைக் கணக்கியல் மேற்படிப்பைப் பற்றியும், வேலைக்கான தேர்வுகளுக்குத் தயாராவதைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடத் திட்டத்தைப் படித்துக் காட்டுவதற்கு நான் தேவையில்லை. நான் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஓர் அலுவலகத்தில் கணக்காளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. கேள்வி கேட்கும் பக்கத்தில் நானும் இருந்தேன். நம் சமுதாயத்துத் தம்பி ஒருவர் வந்தார். எம்.காம் முதல் வகுப்பு. பெயரைப் பார்த்ததும் மனதுக்குள் மகிழ்ந்தேன். ஒரு கடையின் ரொக்க ஏட்டையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் அவர் முன் வைத்தோம். ரொக்க ஏட்டின்படி வங்கியில் இருப்பு 84,300 ரூபாய். பாஸ் புத்தகத்தில் 91,050 ரூபாய். "ஏன் தம்பி இந்த வித்தியாசம்?" என்று கேட்டோம்.

வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்றால் என்ன என்பதற்கு இலக்கணத்தை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். ஆனால் ஏட்டைப் புரட்டி, நாம் கொடுத்த 7,500 ரூபாய் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி தன் கட்டணமாக 750 ரூபாயைக் கழித்திருப்பதை நாம் எழுதவில்லை என்று கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர் வெறும் பி.காம். ஒரு மளிகைக் கடையில் மூன்று ஆண்டுகள் மாலை நேரத்தில் கணக்கு எழுதியவர். ஐந்து நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டார். வேலை அவருக்குத்தான் போனது. நீதியாகத்தான் போனது.

அந்தத் தம்பி எழுந்து போனபோது அவர் கையிலிருந்த சான்றிதழ் உறையை நான் பார்த்தேன். அதற்காக அவருடைய வாப்பா எத்தனை ஆண்டுகள் பாலைவனத்தில் நின்றிருப்பார்? அவருடைய உம்மா எந்த நகையை அடகு வைத்திருப்பார்? நான் இன்று இங்கே நிற்பது அந்தத் தம்பிக்காகத்தான்.

கடனை எழுது என்ற மார்க்கம்

அருமைச் சகோதரர்களே! திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணைக்குக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது, சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படையக் கூடாது என்று அல்லாஹ் விரிவாகக் கற்றுத் தருகிறான்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர்கள் கேட்டபோது தம் தகுதியாக எதைச் சொன்னார்கள்? தம் குலத்தைச் சொல்லவில்லை. பாதுகாக்கும் நேர்மையும், அதற்கான அறிவும் தம்மிடம் உண்டு என்றார்கள். நேர்மை ஒன்று, அறிவு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்காளர். நேர்மை இருந்து அறிவு இல்லாவிட்டால் ஏமாறுவான். அறிவு இருந்து நேர்மை இல்லாவிட்டால் ஏமாற்றுவான்.

இப்படிப்பட்ட மார்க்கத்தைப் பெற்ற நாம், வணிகத்தையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நாம், நம் கடையின் கணக்கை யாரிடம் விட்டிருக்கிறோம்? கடை நம்முடையது. சரக்கு நம்முடையது. கல்லாவில் உட்காருவது நாம். ஆனால் கணக்கு? "எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் பாய்" என்று கையெழுத்துப் போடுகிறோம். எதில் போடுகிறோம் என்று தெரியாமலேயே போடுகிறோம்!

வட்டிக்கு அஞ்சியவர் கட்டிய வட்டி

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். வட்டி என்றால் காத தூரம் ஓடுபவர். கடையை விரிவாக்க வங்கிக் கடன் தருகிறோம் என்று வந்தபோதும் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியவர். 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கினார். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000 ரூபாயைச் சரக்கு கொடுத்தவரிடம் சேர்த்துக் கொடுத்தார். பில் கையில் இருக்கிறது. அந்த 36,000 ரூபாயை இன்புட் கிரெடிட்டாகத் தம் வரியில் கழித்துக்கொண்டார்.

ஆனால் சரக்கு கொடுத்தவர் அந்த பில்லைத் தம் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் காட்டவே இல்லை. காட்டாவிட்டால் வாங்கியவருடைய 2பி பட்டியலில் அது வராது. 2022 ஜனவரி முதல் 2பியில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது. மாதந்தோறும் அந்தப் பட்டியலையும் கொள்முதல் ஏட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க அவர் கடையில் ஆள் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தது. 36,000 ரூபாய் வரி. ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. இரண்டு ஆண்டுக்கு 12,960 ரூபாய். அதற்கு மேல் அபராதம்.

வங்கி வட்டி வேண்டாமென்று ஒதுங்கிய மனிதர், கணக்குத் தெரியாததால் 18 சதவீத வட்டி கட்டினார். கைசேதம் இல்லையா இது? இப்போது சொல்லுங்கள்: கணக்கியல் படிப்பு வேலைக்கான படிப்பு மட்டும்தானா? நம் ஹலாலான சம்பாத்தியத்தைக் காக்கும் வேலி அது.

நாம் எங்கே நிற்கிறோம்?

2006ஆம் ஆண்டு வெளிவந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறோம். மக்கள்தொகையில் 13.4 சதவீதமாக இருந்த நம் சமுதாயம் ஐ.ஏ.எஸ் பணியில் 3 சதவீதம் என்றது அது. 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அதே நேரத்தில், 2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியை விட அதிகம். அப்படியானால் நம் குறை எங்கே? எழுதப் படிக்கத் தெரியாமை அல்ல. பாதியில் நிற்பதுதான் நம் குறை. பிளஸ் டூ முடித்ததும் பாஸ்போர்ட் எடுக்கிறோம். பட்டம் முடித்ததும் "போதும், கடைக்கு வா" என்கிறோம்.

நம் முன்னோர் அப்படி நிற்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955. பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971. திருச்சிக் கல்லூரியை நிறுவிய ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்கள். வணிகர்கள் கல்லூரி கட்டினார்கள். அந்தக் கல்லூரிகளில் வணிகவியல் படித்த பிள்ளைகள் மீண்டும் வணிகர்களுக்குப் பயன்பட வேண்டாமா?

2007ஆம் ஆண்டு தமிழக அரசு கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் நமக்கு 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு தந்தது. போராடிப் பெற்ற உரிமை அது. நாற்காலி போடப்பட்டுவிட்டது. அமர்வதற்குத் தகுதியோடு ஆள் வர வேண்டாமா?

எம்.காமா? சி.ஏ.வா?

பி.காம் முடிக்கும் தம்பிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. என் பதில்: உங்கள் பொறுமையையும் குடும்பத்தின் தாங்கும் சக்தியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சி.ஏ. என்பது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் படிப்பு. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் பெற்றவர்கள் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை எழுதாமலேயே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். இன்டரில் ஆறு தாள், ஃபைனலில் ஆறு தாள். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் காலம் முன்பு மூன்று ஆண்டு. 2023ல் வந்த புதிய முறையில் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. பயிற்சியின்போது உதவித்தொகையும் உண்டு. தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கழகமே நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். தோல்வியைப் பலமுறை சந்திக்க வேண்டியிருக்கும். நன்றாகப் படிப்பவனும் ஒரு தாளில் 39 வாங்கி மீண்டும் தேர்வு எழுதுவான். அதைத் தாங்கும் மனம் வேண்டும். "இரண்டு தடவை ஃபெயில், இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டில் பேசாத பெற்றோரும் வேண்டும்.

எம்.காம் இரண்டு ஆண்டு. கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எம்.காமுடன் நெட் அல்லது செட் தேறினால் கல்லூரிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பி.எட் சேர்த்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். உற்பத்தித் தொழிலில் நாட்டம் உள்ளவர்களுக்கு செலவுக் கணக்கியலான சி.எம்.ஏ. இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் ஒரு ஜோடி செருப்புக்கு என்ன அடக்கம் என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு என்றும் மதிப்பு உண்டு.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டம் உங்களை நேர்முகத் தேர்வின் வாசல் வரைதான் கொண்டு விடும். உள்ளே போவது கைப்பழக்கத்தால்.

இரண்டு ஆண்டை நான்காகப் பிரியுங்கள்

எம்.காம் சேர்ந்த தம்பிகள் செய்யும் தவறு, கடைசித் தேர்வு முடிந்த பிறகு வேலைக்குத் தயாராகத் தொடங்குவது. சேர்ந்த முதல் நாளே தொடங்க வேண்டும். நான்கு பருவங்களுக்கும் ஒரு திட்டம் சொல்கிறேன்.

முதல் பருவத்தில் அடித்தளத்தைச் செப்பனிடுங்கள். சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிளஸ் டூ கணக்கியல் புத்தகத்தை மீண்டும் எடுங்கள். சிட்டையிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு, அதிலிருந்து லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை. இதைக் கையால் பத்துத் தடவை போடுங்கள். பிறகு டேலியும் எக்செலும். பொத்தானை அழுத்தினால் ஐந்தொகை வந்துவிடும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவன் தவறு வந்தால் விழிப்பான்.

இரண்டாம் பருவத்தில் வரிச் சட்டங்கள். ஒரு கடையின் உண்மையான பில்களை வைத்து ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி படிவங்களைத் தயாரித்துப் பாருங்கள். பழைய வழிகாட்டி நூல்களை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திற்குப் பதிலாக 2025ல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படித்தால் பிரிவு எண்கூடத் தப்பாகிவிடும்.

மூன்றாம் பருவத்தில் எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள். அரசுத் தேர்வா, நிறுவனமா, ஆடிட்டர் அலுவலகமா, வளைகுடாவா? முடிவு செய்தபின் தினமும் இரண்டு மணி நேரம் அதற்கு. ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்காமல் உட்காருங்கள். அந்த நேரத்தில் பரக்கத் இருக்கிறது.

நான்காம் பருவத்தில் சுயவிவரக் குறிப்பு, மாதிரி நேர்முகத் தேர்வு, விண்ணப்பம். சுயவிவரத்தில் "கடின உழைப்பாளி" என்று எழுதாதீர்கள்; எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். "ஒரு ஜவுளிக் கடையின் கொள்முதல் ஏட்டை ஆறு மாதம் 2பியுடன் ஒத்துப் பார்த்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு உங்களை அழைப்பார்கள்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன பதிவு? தேய்மானத்துக்குப் பணம் வெளியே போவதில்லையே, பிறகு ஏன் செலவாக எழுதுகிறோம்? நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கடை ஆண்டு முழுவதும் லாபம் காட்டியிருக்கிறது. ஆனால் கல்லாவில் பணமில்லை. ஏன்?" இங்கே அமர்ந்திருக்கும் வணிகர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விடை தெரியும். லாபம் கடனாக வெளியே நிற்கிறது. சரக்காகக் கிடங்கில் தூங்குகிறது. வீட்டுச் செலவுக்கு எழுதாமல் எடுத்திருக்கிறோம். பாடப் புத்தகம் படித்தவன் திணறும் கேள்விக்கு, வாப்பாவின் கடையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் பதில் சொல்வான். தம்பிகளே, உங்கள் வீட்டுக் கடையே உங்கள் முதல் கல்லூரி!

வாசல்கள் எவை?

மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் தணிக்கையாளர், கணக்காளர், வருமான வரி ஆய்வாளர், ஜி.எஸ்.டி. ஆய்வாளர் பணிகள் வருகின்றன. இந்தியத் தலைமைத் தணிக்கைத் துறையின் உதவித் தணிக்கை அலுவலர் பணியும் முன்பு அதிலேயே இருந்தது, அதற்கு எம்.காம், சி.ஏ. போன்றவை விரும்பத்தக்க தகுதிகளாக இருந்தன. தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 2, 2ஏ தேர்வுகள் வழியாகத் தணிக்கைத் துறைகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது சாதிச் சான்றிதழ். மாநிலத் தேர்வுக்கான பி.சி. முஸ்லிம் சான்றிதழை மத்தியத் தேர்வுக்குக் கொடுத்தால் செல்லாது. அதற்கு மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்ற குறிப்புடன் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். தேர்வில் வென்று சான்றிதழில் தோற்காதீர்கள். இரண்டாவது தமிழ். தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் பெறாவிட்டால் மற்றத் தாள்களை மதிப்பிடவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழ் இலக்கணத்தைத் தூசி தட்டுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். நேற்று வரை வரியே இல்லாத மண் அது. 2018 ஜனவரியில் அமீரகமும் சவூதியும் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டு வந்தன. சவூதி 2020 ஜூலையில் அதை 15 ஆக்கியது. 2019ல் பஹ்ரைன், 2021ல் ஓமன். 2023ல் அமீரகம் நிறுவன லாபத்துக்கு 9 சதவீத வரியும் விதித்தது. வரி வந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் கணக்காளர் வேண்டும். அதே நேரத்தில் அந்நாட்டினருக்கே வேலை என்ற கொள்கையும் இறுகி வருகிறது. சாதாரண வேலைக்குப் போகிறவனின் இடம் சுருங்குகிறது. வரிக் கணக்குத் தெரிந்தவனின் இடம் இன்னும் இருக்கிறது. போவதாக இருந்தால் கைத்தொழிலோடு போங்கள்.

"பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள்"

இப்படிச் சொல்லும் தம்பிகள் உண்டு. பாரபட்சம் இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதை எதிர்த்துப் போராடத்தான் இயக்கம் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். விடைத்தாளைத் திருத்தும் கணினிக்கு உங்கள் பெயர் தெரியுமா? பாரபட்சத்தால் நாம் இழந்த இடங்கள் உண்டு. விண்ணப்பமே போடாமல் நாம் இழந்த இடங்களும் உண்டு. முதலாவதற்கு நீதிமன்றம் போகலாம். இரண்டாவதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

வட்டியின் கணக்கை எழுதலாமா?

இன்னொரு கேள்வி, ஈமானோடு தொடர்புடைய கேள்வி. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வங்கி வேலையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல ஆலிம் அல்ல. உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆனால் இந்த நபிமொழியைக் காட்டி, "கணக்கியலே வேண்டாம்" என்று ஒதுங்குவது சோம்பேறித்தனம். தணிக்கை, வரி, செலவுக் கணக்கு, ஆசிரியப் பணி, அரசுப் பணி, கம்பெனிக் கணக்கு என்று எத்தனை துறைகள்! வட்டியில்லா நிதி நிறுவனங்களுக்குக் கணக்கு, தணிக்கை நெறிகளை வகுப்பதற்கென்றே பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு ஆயோஃபி என்ற அமைப்பு இயங்குகிறது. அதன் நெறிகளைக் கற்றுத் தேர்ச்சிச் சான்றிதழ் பெறலாம். வட்டியை வெறுப்பவன்தான் வட்டியில்லாக் கணக்கை எழுதக் கற்க வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல்

நம் பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடிக்கிறார்கள். பிறகு அந்தச் சான்றிதழ் அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில் போகிறது. சகோதரிகளே, கணக்கு எழுதுவது வீட்டில் இருந்தபடியே கணினியில் செய்யக்கூடிய வேலை. ஐந்து கடைகளின் மாதாந்திரக் கணக்கை ஒரு பெண் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அலுவலகம் சென்று பணியாற்றும் வாய்ப்பு இருப்பவர்கள் தயங்காமல் செல்லுங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகப் பெருமாட்டி என்பதை நாம் மேடையில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

வணிகப் பெருமக்களிடம் மூன்று கோரிக்கை

முதலாவது: உங்கள் கணக்கு அறையில் ஒரு நாற்காலி போடுங்கள். மஹல்லாவில் வணிகவியல் படிக்கும் ஒரு மாணவரை ஆறு மாதம் மாலை நேரத்தில் உட்கார வையுங்கள். சம்பளம் வேண்டாம், போக்குவரத்துச் செலவு கொடுங்கள். பேரேட்டைத் திறந்து காட்டுங்கள். "கணக்கை வெளியாளுக்குக் காட்டலாமா?" என்று அஞ்சாதீர்கள். அமானிதம் பேணுபவரா என்று பார்த்துச் சேருங்கள். காட்ட முடியாத கணக்கு இருந்தால், பிரச்சினை மாணவரிடம் இல்லை.

இரண்டாவது: பைத்துல்மாலிலிருந்து திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொடுக்கிறோம். நல்லது. வறுமையில் இருக்கும் மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஜகாத்திலிருந்து கொடுப்பதானால் உலமாக்களிடம் கேட்டு முறைப்படி கொடுங்கள். ஒரு முறை அரிசி கொடுத்தால் ஒரு மாதம் தீரும். ஒருவனைக் கணக்காளனாக்கினால் அடுத்த ஆண்டு அவனே ஜகாத் கொடுப்பான், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, சற்றுக் கசக்கும். நம் பள்ளிவாசல், மதரஸா, வக்ஃபுக் கணக்குகளைத் திருத்துங்கள். 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமே முத்தவல்லிகள் ஆண்டுதோறும் வாரியத்திடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தணிக்கை வேண்டும் என்கிறது. எத்தனை ஊரில் உரிய நாளில் ஒப்படைக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வீதியில் நின்றோம். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் "உங்கள் கணக்கு எங்கே?" என்று எவனும் விரல் நீட்ட முடியாதபடி நம் ஏடுகள் இருக்க வேண்டாமா? ஊர் மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டு, சந்தா ரசீதையும் வாடகை ஏட்டையும் ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு அனுபவம். உங்களுக்குக் கௌரவம். அல்லாஹ்வின் சொத்துக்குப் பாதுகாப்பு.

முடிவாக...

ஆரம்பத்தில் சொன்ன தம்பியை நான் மறக்கவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்ததும் வராந்தாவில் அவரைப் பிடித்து, "உங்கள் வாப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். "பஜாரில் கடை வைத்திருக்கிறார்" என்றார். "கடைக் கணக்கை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?" என்றேன். "வாப்பா, 'நீ படிக்கிற வேலையைப் பார், கடைப் பக்கம் வராதே' என்பார்" என்றார்.

பெற்றோர்களே! அன்பினால் சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் அந்த அன்பு அந்தப் பிள்ளையின் வேலையைப் பறித்தது. கடையும் கல்லூரியும் இரண்டு உலகம் என்று நாமே சுவர் எழுப்பிவிட்டோம். அந்தச் சுவரை இன்று இடியுங்கள். இன்றிரவு கடை அடைத்ததும் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அன்றைய வரவு செலவை எழுதச் சொல்லுங்கள். தம்பிகளே, நீங்கள் அதைச் சுமையாக நினைக்காதீர்கள். நாளைய நேர்முகத் தேர்வின் முதல் கேள்விக்கு இன்று இரவே விடை எழுதுகிறீர்கள்.

மறுமையில் நம் ஒவ்வொருவருடைய ஏடும் நம் கையில் கொடுக்கப்படும் என்று நம்புகிற சமுதாயம் நாம். இம்மையின் ஏட்டைச் சரியாக எழுதக் கற்றவனுக்கு அந்த நாளின் நினைவும் எளிதில் மறக்காது. நேர்மையும் அறிவும் ஒருசேரப் பெற்ற தலைமுறையாக நம் பிள்ளைகளை ஆக்கி, நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்ய வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.